நிவிக்கு மூச்சு வாங்காத ஞாயிற்றுக்கிழமை

அருமை மாப்ளைக்கு,

நலமா என்று உன்னிடம் கேட்பது அசட்டுத்தனம்தான். ஆனாலும் கடிதம் என்று எடுத்தால் கை தானாக அப்படித்தான் ஆரம்பிக்கிறது. இங்கே எல்லோரும் நலம். இந்த வார்த்தையைப் பொய் கலக்காமல் எழுதி இரண்டு வருஷம் ஆகிவிட்டது, அதனால் ஆசைக்கு இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். எல்லோரும் நலம். முக்கியமாக உன் மகள் நிவி நலம்.

உனக்கு இங்கே நடந்தது எதுவுமே தெரியாதே, எங்கிருந்து ஆரம்பிப்பது? உன் காரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நீ கண்ணை மூடிய பிறகு பத்து மாதம் அது கே.கே. நகர் வீட்டு வாசலில் நின்ற இடத்திலேயே நின்றது. விற்கவும் மனசு இல்லை, தொடவும் மனசு இல்லை. நான் வாரத்துக்கு ஒரு முறை வந்து ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டுப் போவேன். ஒருநாள் என் தங்கச்சி, அதான் உன் பொண்டாட்டி செல்வி, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். அண்ணன்காரனிடம் கேட்கவில்லை, சொன்னாள்.

நீ வேலை பார்த்த கப்பலூர் ரப்பர் கம்பெனியிலேயே கணக்குப் பிரிவில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், இரண்டு பஸ் மாறி வந்து, நடுவில் ஏழாவது படிக்கிற பிள்ளையைப் பார்ப்பது எப்படி? முப்பத்தெட்டு வயசில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். முதல் வாரம் கே.கே. நகர் ஆர்ச் பக்கத்தில் வண்டி அணைந்துபோய், பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரனிலேயே கச்சேரி வைத்துவிட்டார். இப்போது ரிங் ரோட்டில் லாரிக்காரர்களே அவளுக்கு ஒதுங்கிப் போகிறார்கள். நீ பார்த்திருந்தால் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்திருப்பாய்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நிவிக்கு இழுப்பு வந்தது. முதலில் சளி என்றோம். அப்புறம் கவனித்தால், வீட்டில் நன்றாக ஓடி ஆடுகிற பிள்ளை, காரில் ஏறி ஏசி போட்டுப் பத்து நிமிஷத்தில் இழுக்க ஆரம்பித்துவிடும். பேசிக்கொண்டே வருகிற பேச்சு பாதியில் நின்றுபோகும். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கும். இறங்கி அரை மணி நேரத்தில் ஒன்றும் நடக்காத மாதிரி பிஸ்கட் கேட்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் கப்பலூர் ரோட்டுப் புழுதி, அது இன்னும் மோசம்.

சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அப்பா கார்ல ஏறுன ஒடனே புள்ளைக்கு அப்பா நெனப்பு வந்துருது, அதேன் ஏங்குது" என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான் மாப்ள. நான்தான் சொன்னேன், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நீ ஓட்டிய கார், நீ உட்கார்ந்த சீட்டு, நீ தொங்கவிட்ட சாவிக்கொத்து. பிள்ளை எப்படித் தாங்கும் என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. 

வண்டியை விற்றுவிடுவோம் என்று செல்வியிடம் சொன்னேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவுக கார விக்கச் சொல்றியாண்ணே, இல்ல நான் ஓட்டுறத நிப்பாட்டச் சொல்றியா?"

"புள்ளைக்கு மூச்சு முக்கியமா இல்லையா?"

அதற்குமேல் அவளால் என்ன சொல்ல முடியும்? பிள்ளையின் மூச்சை எதிரே வைத்து வாதாடினால் எந்தத் தாயும் தோற்றுத்தான் போவாள். சரி என்றாள். திருமங்கலத்திலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து வண்டியைப் பார்ப்பதாகப் பேச்சு. அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு போய் காரைத் துடைத்துக்கொண்டே நின்றாளாம், நிவி சொன்னாள்.

இதற்கு நடுவில் நானும் என்னால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் மல்லியைக் கொண்டு வந்து, முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் படுத்திருக்கிற இடத்தில் நீளமாகச் சாத்துவேன். மேலே ஒரு சிட்டிகை விபூதி தூவுவேன். பிள்ளைக்கு இழுப்பு வந்த பிறகு சிட்டிகை, கைப்பிடி ஆனது. சில வாரம் மல்லியோடு மரிக்கொழுந்தும் சேர்த்தேன். உனக்குச் சிரிப்பு வரும், தெரியும். சிரிக்காதே, இன்னும் கேள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை காட்டிவிடுவோம் என்று நிவியை டாக்டரிடம் கூட்டிப்போனோம். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்கில் புதிதாக வந்திருக்கிற டாக்டரம்மா. அவர் மெத்தை, தலையணை, நாய், பூனை, ஊதுவத்தி எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, பேனாவை மூடப் போனவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கார்ல மட்டும்தான் வருதுன்னு சொல்றீங்க. ஏசி ஃபில்டர் எப்பம்மா மாத்துனீங்க?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். காருக்குள் அப்படி ஒரு ஃபில்டர் இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நீ எத்தனை தடவை மாற்றியிருப்பாயோ, எங்களிடம் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை மெக்கானிக்கிடம் கேட்டால் செவ்வாய்க்கிழமை வா என்றார். ஞாயிற்றுக்கிழமை வண்டி பார்க்க ஆள் வருகிறாரே. சரி, பொருளையாவது வாங்குவோம் என்று ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். உள்ளே விசிறி மடிப்பாக மடித்த வெள்ளைத் தாள், சுற்றிலும் சட்டம். இதற்கா இத்தனை பாடு என்று இருந்தது.

"இதுக்கு எதுக்குண்ணே மெக்கானிக்கு? முன் சீட்டுக்கு எதுத்தாப்ல டப்பா இருக்குல்ல, பேப்பர் கீப்பர் போட்டு வைப்பீகளே, அதக் கழட்டுனா பின்னாலதேன் இருக்கும். பழச உருவு, புதுசச் சொருகு. அம்புட்டுதேன். ரெண்டு நிமிசம்."

இரண்டு நிமிஷம். பல்பு மாட்டுவதற்கே உன்னைக் கூப்பிட்டவன் நான். நாற்காலி மேல் நீ ஏறி நிற்க, கீழே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதானே என் பங்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினேன். டப்பாவைத் திறந்து உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்து ஒரு தாம்பாளத்தில் வைத்தேன். வண்டியோடு வந்த விளக்கப் புத்தகம், ஒரு சீப்பு, நிவியின் இன்ஹேலர், எப்போதோ வாங்கிய புளிப்பு மிட்டாய். காலி டப்பாவை எங்கே பிடித்து இழுப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். செல்வி வந்து வண்டிப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு பக்கமும் உள்ளுக்க அமுக்கி முன்னால சாய்க்கணுமாம்."

"அமுக்குறேன், வரலயே."

"நல்லா அமுக்குண்ணே. இட்லி தின்னேல்ல."

அமுக்கினேன். படக்கென்று ஒரு சத்தம். உடைத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திருமங்கலத்துக்காரர் வந்து பார்த்தால் என்ன சொல்வேன் என்று வேர்த்துவிட்டது. பார்த்தால் ஒன்றும் உடையவில்லை, டப்பா அப்படியே தொப்பென்று தொங்கிவிட்டது, அது அப்படித்தான் வருமாம். பின்னால் கருப்பாக, தீப்பெட்டியைப் படுக்க வைத்த மாதிரி ஒரு மூடி. இரண்டு பக்கமும் கொக்கி. நான் தலையை உள்ளே விட்டு, முதுகைச் சீட்டில் சாய்த்து, கால் இரண்டும் வாசலில் நீட்டிக்கொண்டிருக்க, கொக்கியை விடுவித்து உள்ளே இருந்ததை உருவினேன்.

உருவினேன் என்பது சும்மா சொல்வது. பாதி வந்தது, பாதி என் முகத்தில் கொட்டியது. வாயில், மூக்கில், பனியனுக்குள். எழுந்து உட்கார்ந்து துப்பித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய தாள் கருகிய அடை மாதிரி இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாக ஏதோ கெட்டிப்பட்டுக் கிடந்தது. கையால் உதிர்த்தேன். விபூதி. அதற்குள் பழுப்பும் கருப்பும் பச்சைப் பூஞ்சையுமாகச் சின்னச் சின்ன உருண்டைகள்.

செல்வி ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அதில் ஒரு சாண் நார் ஒட்டிக்கொண்டு வந்தது. பூக்கட்டுகிற வாழைநார்.

"அண்ணே, இது ஒன் பூ."

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணாடிக்குக் கீழே வைப்பருக்கு அடியில் சல்லடை மாதிரி இருக்கிறதே, அதன் வழியாகத்தான் கார் வெளிக்காற்றை இழுக்குமாம். நான் சாத்திய பூ வெயிலில் காய்ந்து உதிர்ந்து உள்ளே விழுந்திருக்கிறது. மழை பெய்தபோது நனைந்து அழுகியிருக்கிறது. அதன்மேல் என் விபூதி. அது வழியாக வந்த காற்றைத்தான் உன் மகள் இத்தனை மாதமும் மூச்சாக இழுத்திருக்கிறாள். இழுப்பு கூடக் கூட நான் விபூதியைக் கூட்டினேன், நான் கூட்டக் கூட இழுப்பும் கூடியது.

அப்போதுதான் எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் நான் அந்த இடத்தில் மாலையைச் சாத்துவேன், நீ அதை எடுத்து முன் பம்பரில் கட்டிவிடுவாய். "அங்கிட்டுப் போடாத மச்சான், உள்ள விழுந்துச்சுன்னா நாறும்" என்பாய். எனக்குக் கோபமாக வரும். சாமி இல்லை என்கிற ஆள், சாமிக்குப் போட்ட பூவையும் இடம் மாற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு ஆயுத பூஜைக்கு உன்னோடு பேசாமல் பொரிகடலையை மட்டும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன். அப்போதே ஏன் விலாவாரியாகச் சொல்லவில்லை மாப்ள? சொன்னாயோ? நான்தான் கேட்கவில்லையோ?

செல்வி சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு. நான் கூடச் சேர்ந்து சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தலையில் ஒட்டிய பூவோடு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பிள்ளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது நீ இல்லை, உன் நினைப்பும் இல்லை. தாய்மாமன் நான். ஆனால் ஒன்று சொல்லவா? வெட்கத்தைவிட எனக்கு நிம்மதிதான் அதிகமாக இருந்தது. அப்பாவை நினைத்து ஏங்குகிறது என்றால் நான் எந்தக் கடையில் போய் மருந்து கேட்பேன்? இது பூ. கையால் அள்ளிப் போட்டுவிடலாம்.

அள்ளிப் போட்டோம். அந்தப் பொந்துக்குள் கையை விட்டு ஈரத்துணியால் துடைத்தேன். வெளியே சல்லடை மேல் கிடந்ததைச் செல்வி பழைய பிரஷ்ஷால் பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். புதிதைச் சொருகி மூடியைப் போட்டு, டப்பாவையும் மாட்டி முடித்து, பெருமையாக எழுந்தால் அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்.

"அம்புக்குறி கீழ பாக்கணும்னு போட்டுருக்கே. நீ எப்பிடி வச்ச?"

அம்புக்குறியா? மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். சட்டத்தின் ஓரத்தில் தம்மாத்துண்டாக ஒரு அம்பு, வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. திருப்பிப் போட்டேன். கடைக்காரரின் இரண்டு நிமிஷம் எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஏசியைப் போட்டபோது முதலில் கொஞ்சம் தூசி அடித்தது, அப்புறம் காற்று வந்தது. வாசம் எதுவும் இல்லாத வெறும் காற்று. அதன் எதிரே முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? திருமங்கலத்துக்காரர் வருவதற்குள் தெரிய வேண்டும். அழகர்கோவில் வரைக்கும் போய் வருவோம் என்றாள் செல்வி. கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். செல்வி ஓட்டினாள். நான் முன்னால், நிவி பின்னால். இன்ஹேலரை என் சட்டைப்பையில் போட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். நிவி கணக்கு டீச்சரைப் பற்றி ஏதோ புகார் சொல்லிக்கொண்டு வந்தது. என்ன புகார் என்று என்னைக் கேட்காதே, நான் அதன் தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தாவது நிமிஷத்தில் பேச்சு நின்றது. செல்வி கியரை விட்டுக் கையை எடுத்து என் முழங்கையைப் பிடித்தாள். நான் முழுசாகப் பின்னால் திரும்பினேன்.

"ஏன் மாமா என்னையவே பாக்குறீங்க? மிட்டாய் வாயில இருக்கு, அதேன் பேசல."

அந்தப் பழைய புளிப்பு மிட்டாயைத் தாம்பாளத்திலிருந்து எடுத்து வந்திருக்கிறது உன் மகள். அதைக் கடித்து முழுங்கிவிட்டு மறுபடி கணக்கு டீச்சருக்கு வந்தது. அப்பன்திருப்பதி தாண்டியது, மலை கிட்டே வந்தது, பேச்சு நிற்கவே இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் மாப்ள. சந்தோஷத்தில்தான். கொஞ்சம் உனக்காகவும்.

கோவில் வாசலில் வண்டியை நிறுத்தியபோது என் செல்போன் அடித்தது. திருமங்கலத்துக்காரர், கிளம்பட்டுமா என்று கேட்டார். "வண்டி விக்கலண்ணே. எம்பேர்லதேன் தப்பு, மன்னிச்சுக்கங்க" என்றேன். செல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம். பூக்காரம்மா ஒருவர் கூப்பிட்டார். வழக்கமாக வாங்குவது போல இரண்டு முழம் வாங்கினேன். வாங்கிக்கொண்டு, மாப்ள, என் கால் தானாகக் காரின் முன்பக்கம் போகிறது. இவ்வளவும் நடந்த அன்றைக்கே. செல்வி வந்து என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னும் ஒனக்குப் புத்தி வரலயா? அவுக இருந்தப்ப ஆயுத பூசைக்கு மட்டுந்தேன போடுவ. பெறகு எதுக்குண்ணே வாரா வாரம்?"

வண்டிக்கு நல்லது என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் இரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லி வந்தேன். ஆனால் என் பூவால் பிள்ளை பட்ட பாட்டுக்குப் பிறகு பொய் வரவில்லை.

உனக்குத் தெரியுமே, நீ இருந்தபோது வெள்ளிக்கிழமை நான் இரண்டு முழம் வாங்குவேன். ஒன்று என் வீட்டில் சரசுக்கு, ஒன்று செல்விக்கு. நீ போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பூக்காரம்மா நான் கேட்பதற்கு முன்னாலேயே இரண்டு முழம் அளந்து இலையில் கட்டிவிட்டார். ஒன்று போதும் என்று சொல்ல என்னால் முடியவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். வாங்கிக்கொண்டு உன் வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். தாலி இறக்கிய தங்கச்சியிடம் பூவை எப்படி நீட்டுவது? கீழே போடவும் மனசு வரவில்லை. வாசலில் உன் கார் நின்றது. அதன்மேல் வைத்தேன். அடுத்த வாரமும் பூக்காரம்மா இரண்டு முழம்தான் அளந்தார்.

"ஒனக்கு வாங்குன பூத்தேன் செல்வி" என்றேன்.

அவள் என் கையை விட்டாள். அப்புறம் நிவியைக் கூப்பிட்டாள்.

"ஒன் தலையில இருக்க ஸ்லைடக் கழட்டிக் குடு."

கொடுத்ததை வாங்கவில்லை. எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். எனக்குப் புரியவில்லை, நிவிக்குப் புரிந்தது. என் கையிலிருந்து ஒரு முழத்தை எடுத்து, அம்மா பின்னலில் மடித்து வைத்து, ஸ்லைடைக் குத்திவிட்டது. கோவிலுக்கு வந்தவர்கள் நாலு பேர் பார்த்தார்கள். நானும் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். செல்வி கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பூவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள், கதவைத் திறந்தாள், "ஏறுங்க, நேரமாச்சு" என்றாள்.

செல்வி மறுபடி பூ வைத்தது உனக்குச் சம்மதமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடிக்கிறபோது கேட்கத் தோன்றவில்லை. இதில் எல்லாம் உனக்கு எப்போது தயக்கம் இருந்தது? நான்தான் இரண்டு வருஷமாக வாசலிலேயே நின்றுவிட்டேன்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்த ஃபில்டரை நானே மாற்றுவேன், அம்பு கீழே பார்க்க. வெள்ளிக்கிழமை இரண்டு முழம் வாங்குவேன். வாசலில் நிற்காமல் நேராக உள்ளே போய் என் தங்கச்சி கையில் கொடுப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்படிக்கு,
உன் செல்விக்கு அண்ணன், உன் நிவிக்குத் தாய்மாமன்,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
தங்கராசு